பழைய பழக்கமும் புதுப் பழக்கமும் மோதும் இடம்: தட்டச்சிலும் நடவிலும்

கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் லோயர் (தட்டச்சின் கீழ்நிலைத் தேர்வு) முடித்தவர்களை, வேலைக்குப் போன இடத்தில் கணினியில் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் அடிக்கச் சொன்னால் சில வாரம் திணறுவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாதது அதற்கு அடுத்த கட்டம். தமிழ்99 கைக்கு வந்தபிறகு, அடுத்த நிலையான ஹையர் தேர்வுக்காகத் திரும்பவும் மெஷின் முன்னால் உட்கார்ந்தால், முன்பு யோசிக்காமல் அடித்த சொற்களில் பிழை விழும். "எல்லாம் மறந்துபோச்சு" என்று பயந்து சிலர் தேர்வையே விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதே இல்லை, ஏனென்றால் அது மறதி அல்ல. ஒரே விசையைப் பார்த்ததும் இரண்டு பழக்கங்கள் ஒன்றாகக் கிளம்புகின்றன. எது முந்துகிறதோ அது விரலில் வந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டால் எந்தச் சொல்லில் பிழை வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். சொல்ல முடிந்தால் சரி செய்யவும் முடியும்.

ஒன்றைக் கற்றபின் இன்னொன்றைக் கற்பது முதலாவதைக் குலைக்கிறது என்பதை ஜெர்மனியில் மியுல்லரும் பில்ஸெக்கரும் 1900-லேயே ஆய்வாக வெளியிட்டார்கள். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்யவைத்து நடத்திய சோதனை அது. எனக்கு அதைவிட உபயோகமாகத் தெரிவது 1949-ல் சார்லஸ் ஆஸ்குட் சொன்னது. எதிரே இருக்கும் பொருளும் சூழலும் அப்படியே இருந்து, செய்ய வேண்டிய செயல் மட்டும் மாறினால் இடையூறு மிக அதிகம். பொருளும் சூழலுமே வேறு என்றால் இடையூறு மிகக் குறைவு. கைபேசியில் கட்டைவிரலால் தமிழ் அடிப்பது தட்டச்சு மெஷின் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காததற்குக் காரணம் இதுதான். கண்ணாடித் திரை வேறு, விரல் வேறு, உட்காரும் விதமும் வேறு. ஆனால் மெஷினும் கணினி விசைப்பலகையும் விரலுக்கு ஏறக்குறைய ஒன்றே. மூன்று வரிசை, எட்டு விரல், நடு வரிசையில் கை. அதனால்தான் இங்கே மோதல் இவ்வளவு பலமாக இருக்கிறது.

இனி விசைகளைப் பார்ப்போம். பழைய தட்டச்சில் இடது கையின் நடு வரிசை ய, ள, ன, க. வலது கையில் சுண்டுவிரலுக்குப் புள்ளி, அதையடுத்து ட, ம, த. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கும் போய்விட்டன. அதே இடது நடு வரிசை அங்கே அ, இ, உ, புள்ளி. வலது நடு வரிசை க, ப, ம, த, ந, ய.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'கே' இருக்கும் விசை இரண்டிலும் 'ம'. அதற்குப் பயிற்சியே தேவையில்லை. அதில் செலவிடும் நேரம் வீண். ஆனால் 'எஃப்' விசை பழையதில் 'க', புதியதில் புள்ளி. செமிகோலன் விசை பழையதில் புள்ளி, புதியதில் 'ந'. இந்த இரண்டும்தான் அதிகம் படுத்தும், ஏனென்றால் 'க'வும் புள்ளியும் தமிழில் வரிக்கு வரி வருகின்றன. ஒவ்வொரு வரியிலும் பழைய பழக்கத்துக்கு ஓர் அழைப்பு போய்க்கொண்டே இருக்கும். 'ஷ', 'ஹ' எங்கே இருக்கிறது என்று ஒருவர் தேடினால் கவலைப்பட வேண்டாம். அது வெறும் அறியாமை, ஒரு வாரத்தில் போய்விடும். தெரிந்தே தப்பாகப் போகும் விரலைத்தான் கவனிக்க வேண்டும்.

எழுத்து இடம் மாறியதைவிட வரிசை மாறியதுதான் ஆழமான சிக்கல். மெஷினில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி அடிக்கிறோம். கொம்பு முன்னால் இருப்பதால் முதலில் கொம்பு, பிறகு எழுத்து. புள்ளி விசையை அழுத்தினால் மெஷினின் வண்டி (தாளைத் தாங்கி நகரும் பகுதி) நகராது. அதனால் புள்ளியை முதலில் வைத்து, அதன் கீழ் எழுத்தை அடிக்க வேண்டும். தமிழ்99-ல் ஒலிக்கும் வரிசை. முதலில் மெய், பிறகு உயிர். முதலில் எழுத்து, பிறகு புள்ளி. விசைகளின் இடம் முழுக்கப் பழகியபின்னும் இந்த வரிசைப் பழக்கம் விடாது. அப்போது வரும் பிழைகளுக்கு ஒரு முகம் இருக்கிறது. 'பெண்' என்று அடிக்க நினைத்தால் 'எபண்' என்று விழும். 'கொடி' என்பது 'எகாடி' ஆகும். 'வேலை' என்பது 'ஏவைல' ஆகும்: ஏகாரம் தனியாக நிற்கும், 'ல'வுக்கு முன் அடித்த ஐகாரம் 'வ'வோடு ஒட்டிக்கொள்ளும். 'மகன்' என்று அடிக்கையில் வரிசையும் இடமும் சேர்ந்து பழையதற்குத் திரும்பினால் திரையில் 'மகநன' என்று நிற்கும். புள்ளிக்காகச் சுண்டுவிரல் முந்திக்கொண்டு செமிகோலனைத் தட்டிவிட்டது என்று அதைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

இப்போது எதிர்த்திசை. தமிழ்99-ல் ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ போதும். 'ங' அடித்து 'க' அடித்தால் 'ங்க'. அதேபோல் ந-த, ண-ட, ம-ப, ஞ-ச, ன-ற. மிகவும் வசதியான ஏற்பாடு. அந்த வசதிதான் மெஷினுக்குத் திரும்பும்போது காலை வாரும். மெஷினில் தானாக எதுவும் விழாது. தமிழ்99-ல் ஊறிய கை 'பக்கம்' என்பதை 'பககம்' என்றும் 'தங்கம்' என்பதை 'தஙகம்' என்றும் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கொம்பை எழுத்துக்குப் பின்னால் அடிப்பதால் அது அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்காரும். இதில் கெட்ட விஷயம், விரலுக்கு எதுவும் தப்பாகத் தெரியாது. வேகமும் குறையாது. தாளைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். கணினித் திரையில் கண் உடனே பிடித்துவிடும் பிழையை, மூலப் பிரதியிலேயே கண்ணை வைத்து அடிக்கும் தேர்வில் யாரும் பிடிக்க முடியாது.

ஆகவே தேர்வு இரண்டு மூன்று மாதத்துக்குள் இருந்தால் தமிழ்99-ஐ ஆரம்பிக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. முதலில் தேர்வை முடியுங்கள். வேலை இடத்தில் கட்டாயம் இல்லையென்றால், கணினியிலும் பழைய தட்டச்சு அமைப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வழி இருக்கிறது, அதிலேயே தொடரலாம். இரண்டும் ஒரே சமயத்தில் தேவை என்றால் மட்டும் கீழே சொல்வதைச் செய்யுங்கள்.

இரண்டையும் அடுத்தடுத்து உட்கார்ந்து பழகாதீர்கள். மெஷின் காலையில், கணினி மாலையில். முடிந்தால் வேறு வேறு இடம். கணினி விசைகளில் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டினால் ஓர் அமைப்பின் எழுத்துகளை மட்டும் ஒட்டுங்கள். ஒரே விசையில் இரண்டு எழுத்தும் இருந்தால், எந்த மோதலைத் தவிர்க்கப் பார்க்கிறோமோ அதையே கண்முன் ஒட்டிவைத்த மாதிரி ஆகிவிடும். உட்கார்ந்த உடன் ஐந்து நிமிடம் அந்தந்த அமைப்பின் நடு வரிசையை மட்டும் மெதுவாக அடியுங்கள். பிறகு ஒரு சொல்பட்டியல். அதில் மூன்று வகைச் சொற்கள் போதும்: கொம்பு வருபவை (பெண், மேடு, வேலை, கொடி, தோணி), இரட்டை மெய் வருபவை (பக்கம், பட்டு, அப்பா), இன எழுத்து சேர்ந்து வருபவை (தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, அம்பு, கன்று). முழுப் பத்தியை அடிப்பதைவிட இந்தப் பட்டியலைப் பாதி வேகத்தில் அடிப்பது அதிகம் உதவும். மோதல் நடக்கும் இடம் அதுதான்.

பிழை விழுந்தால் அந்த ஒரு எழுத்தை மட்டும் அழித்துத் திருத்தாதீர்கள். சொல் முழுவதையும் அழித்து, முதலிலிருந்து அடியுங்கள். தப்பான விசை, அழிப்பான், சரியான விசை என்ற மூன்றும் சேர்ந்து ஒரே பழக்கமாக இறுகிவிடும். நன்றாக அடிப்பவர்களிடம்கூட இந்தத் தொடரைப் பார்க்கலாம். அழிப்பான் இல்லாத மெஷினில் அது அப்படியே பிழையாக நிற்கும்.

ஒவ்வொன்றும் தனித்தனியே நிலைத்தபிறகு கலந்து பழகலாம். மெஷினில் ஒரு பத்தி, கணினியில் ஒரு பத்தி, மறுபடி மெஷின். அந்த நேரத்தில் இது மெதுவாகவும் எரிச்சலாகவும் இருக்கும். 1979-ல் ஷியாவும் மார்கனும் செய்த சோதனையில், மூன்று விதமான கை அசைவுகளை வரிசையாக ஒவ்வொன்றாகப் பழகியவர்கள் பயிற்சியின்போது வேகமாகச் செய்தார்கள். கலந்து பழகியவர்கள் அப்போது பின்தங்கினாலும் பின்னால் வைத்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள். ஆனால் முதல் நாளே கலப்பதற்கு இது அத்தாட்சி ஆகாது. நிலைக்காத இரண்டைக் கலந்தால் இரண்டுமே நிலைக்காது.

இடைவெளி எவ்வளவு வேண்டும் என்று கேட்பவர்களுக்காக இன்னொரு சோதனை. 1996-ல் பிராஷர்ஸ்-குருக், ஷத்மேர், பிட்ஸி மூவரும் வெளியிட்டது. கையைப் பக்கவாட்டில் தள்ளும் ஓர் எந்திரக் கைப்பிடியைப் பிடித்துக் குறியை நோக்கி நகர்த்தக் கற்க வேண்டும். அதைக் கற்ற உடனேயே, எதிர்ப்பக்கம் தள்ளும் கைப்பிடியைக் கற்றவர்களுக்கு முதல் பாடம் கெட்டது; நான்கு மணி நேரம் விட்டுக் கற்றவர்களுக்குத் தங்கியது. பிறகு 2004-ல் வேறு குழுவினர் இதேபோலச் செய்து பார்த்தபோது, இடைவெளி விட்டும் முதல் பாடம் கெட்டது. அதனால் நான்கு மணி நேரம் என்பதை மந்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இடைவெளி விடுவதில் நஷ்டம் இல்லை. அதை மட்டும் நம்பி, இடத்தையும் சூழலையும் பிரிக்காமல் விடுவதில்தான் நஷ்டம்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா கியரையும் முன்னால் மிதித்து ஏற்றும் வண்டியும், ஒன்றைக் கீழே மிதித்து மற்றதை மேலே தூக்கும் வண்டியும் ஒரே வீட்டில் இருந்தால், அதே இடது காலின் அதே மிதி ஒன்றில் கியரை ஏற்றும், மற்றதில் இறக்கும். வேகமாகப் போகையில் ஏற்றுவதாக நினைத்து இறக்கிவிட்டால் பின்சக்கரம் இறுகிச் சறுக்கும். பழைய புல்லட்டில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருந்தது. அதில் பழகியவர் அவசரத்தில் பிரேக்குக்காக இடது காலைத்தான் மிதிப்பார். வண்டி மாற்றும் நாளில் கடைத்தெருவில் இறங்காமல், முதலில் ஆளில்லாத வாய்க்கால் கரைச் சாலையில் நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பாருங்கள்.

காவிரி டெல்டாவில் இந்த மோதல் பெரிய அளவில் நடப்பது வயலில். மடகாஸ்கரில் ஆன்ரி தெ லொலானியே என்ற பாதிரியார் 1980-களில் உருவாக்கிய முறை, இங்கே திருந்திய நெல் சாகுபடி என்றும் ஒற்றை நாற்று நடவு என்றும் வந்தது. 14 நாள் நாற்று, குத்துக்கு (நடும் ஒவ்வோர் இடத்துக்கும்) ஒன்று, 25-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி, சேற்றில் மேலாக வைத்தால் போதும். வழக்கமான நடவில் மூன்று வாரத்துக்கு மேற்பட்ட நாற்று, குத்துக்கு இரண்டு மூன்று, நெருக்கமான இடைவெளி, மூன்று சென்டிமீட்டர் ஆழம். வயல் அதே, சேறு அதே, குனிந்து பின்னோக்கி நகர்வது அதே. செயல் மட்டும் வேறு. ஆஸ்குட் சொன்ன மோசமான நிலைமைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நடவுப் பெண்களின் கை நாற்று முடியை (நாற்றுக் கட்டை) வாங்கியதும் கண்ணால் பார்க்காமலே இரண்டு மூன்றாகப் பிரிக்கும். கட்டைவிரலும் இரண்டு விரலும் சேர்ந்து நேராகக் கீழே அழுத்தும். வருஷக்கணக்கில் ஏறிய திறமை அது. சும்மா சொன்னால் போகாது. அதே அழுத்தத்தை 14 நாள் நாற்றுக்குக் கொடுத்தால் வேர் மடங்கி நுனி மேல்நோக்கித் திரும்பிவிடும். வேர் பிடிக்க நாளாகும், சில குத்து சாகும். 20-க்கு 10 இடைவெளியில் சதுர மீட்டருக்கு 50 குத்து. ஒன்று போனால் பெரிதாகத் தெரியாது. 25-க்கு 25 என்றால் 16 குத்துதான். ஒன்று போனாலே வெற்றிடம் கண்ணில் படும். இளம் நாற்றை மண்ணோடும் விதையோடும் எடுத்து, சேற்றின் மேல்பரப்பில் பக்கவாட்டாகச் செருகி விட வேண்டும். அழுத்தவே கூடாது.

வாயால் சொல்லித் திருத்துவதைவிட, கைக்கு வரும் பொருளை மாற்றுவது நல்லது. முடி கட்டிக் கொடுத்தால் பழைய கை தானாகக் கிளம்பும். பாய் நாற்றங்காலில் வளர்த்த நாற்றைப் பத்தையாக வெட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தால், பிரித்து எடுக்கும் விதமே மாறிவிடுவதால் பழைய பழக்கத்துக்கு வேலை குறைகிறது. கயிற்றில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு அடையாளம் கட்டுங்கள், அல்லது மார்க்கர் உருட்டிக் கட்டம் போடுங்கள். கண் அடையாளத்தைத் தேடும்போது கை மெதுவாகும். முதல் இரண்டு மூன்று நாள் ஏக்கருக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசாமல் நாள் கூலி பேசுங்கள். வேகத்துக்குக் கூலி என்றால் வேகமான பழக்கம்தான் வெளியே வரும், அது பழையதாகவே இருக்கும். இதற்காக அவர்களைக் குறை சொல்வது அநியாயம்.

தண்ணீர் கட்டுபவருக்கும் இதே சிக்கல். எப்போதும் தண்ணீர் நிறுத்திப் பழகியவர், மயிரிழை வெடிப்பு வந்தபின் 2.5 சென்டிமீட்டர் பாய்ச்சு என்றால் மனம் ஒப்பமாட்டார். புது முறையில் ஊறிவிட்டவர், கடைமடையில் உப்பு ஏறும் வயலிலும் காயவிட்டால் உப்பு மேலே வந்துவிடும். இரண்டு திசையிலும் நஷ்டம் உண்டு.

திரும்பிப் போகும் சிக்கல், குறுவைக்கு அடுத்த நெல் போகமான தாளடியில் வரும். மேட்டூர் அணை ஜூன் 12-ஐ ஒட்டித் திறந்து, குறுவையில் ஒற்றை நாற்று நட்டுப் பழகிய அதே ஆட்கள்தான் தாளடிக்கும் வருவார்கள். குறுவை அறுப்பு மழையில் தள்ளிப்போனால் தாளடி நாற்று நாற்றங்காலிலேயே முதிர்ந்துவிடும். முதிர்ந்த நாற்றுக்குத் தூர் (பக்கக் கிளை) வைக்க நாள் குறைவு. அதைப் புதுப் பழக்கத்தில் அகலமாகவும் ஒற்றையாகவும் நட்டால் பயிர் எண்ணிக்கை போதாது. பழைய பழக்கத்தில் கத்தையாக அள்ளி நட்டாலும் கெடுதல். புதுத் தூர் கிளம்ப இடம் இருக்காது. குத்துக்கு இரண்டு மூன்று, நெருக்கமான இடைவெளி என்பதை அன்று காலையில் வரப்பிலேயே நட்டுக் காட்ட வேண்டும். 25 சென்டிமீட்டர் அடையாளம் கட்டிய குறுவைக் கயிற்றை அன்றைக்கு வயலுக்கே கொண்டுவராதீர்கள். நாற்றைத் தட்டில் அல்ல, முடியாகவே கொடுங்கள். முதல் இரண்டு வரிசை முடிந்ததும் நிறுத்தி, இருபது குத்தைத் தொட்டு எண்ணுங்கள். ஒற்றையாக நிற்பது மூன்று நான்குக்கு மேல் இருந்தால் அந்த வரிசையை அவர்களையே திரும்ப நடச் சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கும் முதல் வரிசையிலும் இதே எண்ணிக்கையை எடுங்கள். காலையில் சரியாக இருந்த கை, களைப்பில் எதைப் பிடித்துக்கொள்கிறது என்பது அப்போதுதான் தெரியும். விடுபட்ட குத்துகளை ஏழிலிருந்து பத்து நாளுக்குள், அதே நாற்றங்காலில் மிச்சம் வைத்த நாற்றால் நிரப்பிவிடுங்கள்.